கொம்பு தள்ளி நிக்குது: டி.டி.பி. வேலை பார்க்கும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

அச்சகத்தின் பின்னறையிலோ, பேருந்து நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடையோடு ஒட்டிப் போட்ட மேசையிலோ, வீட்டுக் கூடத்தில் பிள்ளைகள் படிக்கும் மேசையில் ஓரமாக இடம் பிடித்தோ கணினியில் தமிழ் டைப் அடித்து, அச்சுக்குப் பக்கம் அமைத்துக் கொடுத்து (அதுதான் டி.டி.பி.) பிழைக்கும் எல்லாருக்கும் இந்த மடல். நானும் உங்களில் ஒருவன். மதுரையில் இருபது வருஷத்துக்கு மேலாக இதே வேலைதான். கல்யாணப் பத்திரிகை, திருவிழா நோட்டீஸ், பள்ளி ஆண்டு மலர், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், எப்போதாவது ஒரு கவிதைத் தொகுப்பு.

போன ஆவணி முகூர்த்த சமயத்தில் ஒரு நாள் இரவு பத்தரை மணி. மறுநாள் காலை அச்சு பிளேட்டுக்குப் போக வேண்டிய பத்திரிகை. பெண் வீட்டார் வாட்ஸ்அப்பில் யூனிகோடில் (எல்லாக் கணினிக்கும் போனுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டில்) அனுப்பிய பெயர்ப் பட்டியலை என் பழைய ஃபாண்டுக்கு மாற்றினால், சில ‘ஸ்ரீ’ ஒழுங்காக வருகிறது, சில ‘ஸ்ரீ’ உடைந்து கட்டமாக வருகிறது. வாட்ஸ்அப் திரையில் பார்த்தால் இரண்டுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. மாப்பிள்ளையின் அத்தை நல்லபடி வருகிறார், சித்தி உடைகிறார். ஏழரை மணியிலிருந்து தேடிக்கொண்டிருந்தேன். தமிழில் தேடினேன், தெரிந்த ஆங்கிலத்தில் தேடினேன். கிடைத்ததெல்லாம் ஸ்ரீ என்று தொடங்கும் கோயில்களும் பெண் குழந்தைகளுக்கான பெயர்ப் பட்டியல்களும்தான்.

வேறு வழியில்லாமல், தூங்கியிருப்பாரோ என்ற தயக்கத்தோடு, இந்தத் தொழிலில் எனக்கு மூத்த ஒரு அண்ணனுக்கு போன் போட்டேன். கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிட்டார்: “தம்பி, அது வேற ஸ்ரீ. முதல்ல இருக்கிறது ‘ஸ’ இல்ல, ‘ஶ’. அத மட்டும் பிடிச்சு மாத்திட்டு அப்புறம் கன்வர்ட் பண்ணு.” அவ்வளவுதான். ‘ஶ’ என்ற எழுத்து யூனிகோடில் 2005இல்தான் சேர்ந்தது. அதற்குப் பிறகு ஶ்ரீ என்பதை இரண்டு விதமாக உள்ளே எழுதலாம், வெளியே தெரியும் உருவம் ஒன்றுதான். என்னிடம் இருந்த மாற்றி மென்பொருள் அந்த எழுத்து வருவதற்கு முந்தைய காலத்தது. அதற்கு அது தெரியவில்லை.

“எத்தன வருஷமாண்ணே இது உங்களுக்குத் தெரியும்?” என்று கேட்டேன்.

“ஏழெட்டு வருஷம் இருக்கும்.”

“யார்கிட்டயாவது சொன்னீங்களா?”

“யாரும் கேக்கலையே.”

இந்த மடலை எழுத வைத்தது அந்த ஒரு பதில்தான். அவர் பொய் சொல்லவில்லை. அவரிடம் யாரும் கேட்கவில்லை. ஆனால் அந்த ஏழெட்டு வருஷத்தில் எத்தனை ஊரில், எத்தனை பேர், எத்தனை ராத்திரி இதே ஸ்ரீயோடு மல்லுக்கட்டியிருப்பார்கள்?

நண்பர்களே, நமக்கு வரும் சிக்கலுக்கான விடை சாஃப்ட்வேர் கம்பெனிகளின் உதவிப் பக்கங்களில் பெரும்பாலும் இருக்காது. இருந்தாலும் நம்முடைய வார்த்தையில் இருக்காது. அவர்கள் கிளிஃப் என்பார்கள், ஷேப்பிங் என்பார்கள், காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட் என்பார்கள். நாம் என்ன சொல்வோம்? கொம்பு தள்ளி நிக்குது. கால் தனியாப் போயிடுச்சு. புள்ளி எழுத்து மேல உட்காராம பக்கத்துல உட்காருது. எழுத்து உடையுது. கட்டம் கட்டமா வருது. ராத்திரி பத்தரைக்கு ஒருவன் தேடும்போது இந்த வார்த்தைகளைத்தான் தட்டுவான். இதே வார்த்தைகளோடு விடை எங்கேயாவது எழுதி வைக்கப்பட்டிருந்தால் அவனுக்குக் கிடைக்கும். இல்லாவிட்டால் கோயில்களும் குழந்தைப் பெயர்களும்தான். இந்த வார்த்தைகள் பேராசிரியர்களிடமோ பெங்களூரில் உட்கார்ந்திருக்கும் பொறியாளர்களிடமோ இல்லை, நம்மிடம்தான் இருக்கின்றன. அதனால்தான் நீங்கள் எழுத வேண்டும் என்கிறேன்.

“நாங்கதான் குரூப்ல சொல்றோமே” என்பீர்கள். சரி, நானும் நாலு வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறேன். ஒருவர் ஒரு படம் போடுவார், “அண்ணே இது ஏன்?” என்பார். இன்னொருவர் நாற்பது வினாடிக்கு வாய்ஸ் மெசேஜ் போடுவார். “சரியாயிடுச்சுண்ணே, நன்றி.” அதற்கு மேலே பதினைந்து காலை வணக்கம், கீழே ஒரு ‘மிஷின் விற்பனைக்கு’. ஆறு மாதம் கழித்து அதே கேள்வி, அதே குழுவில், வேறு ஆள். வாய்ஸ் மெசேஜைத் தேடி எடுக்க வழியில்லை. புதிதாகக் குழுவில் சேர்ந்தவருக்குப் பழையது தெரியாது. போனை மாற்றியவருக்கும் பல சமயம் போய்விடும். குழு வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், அவசரத்துக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. அங்கே தீர்ந்த ஒரு சிக்கலை அன்றைக்கே நாலு வரியில் எழுதி, யாரும் தேடி எடுக்கக்கூடிய பொது இடத்தில் வையுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

இனி, வெளியே சொல்லாமல் மனசுக்குள் வைத்திருக்கும் காரணத்துக்கு வருகிறேன். தொழில் ரகசியம். நானும் அப்படி இருந்தவன்தான். பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளிலிருந்து பி.டி.எஃப். எடுக்கும்போது ஃபாண்ட் உடையாமல் இருக்க என்னிடம் ஒரு செட்டிங் இருந்தது. பக்கத்துக் கடைப் பையன் வந்து கேட்டபோது, “அது மிஷினப் பொறுத்ததுப்பா” என்று மழுப்பி அனுப்பினேன். அந்த ரகசியத்தால் எனக்கு ஒரு வாடிக்கையாளர்கூடக் கூடுதலாக வரவில்லை. நம்மிடம் வருகிறவர்கள் நமக்கு கன்வர்ட் பண்ணத் தெரியும் என்பதற்காக வருவதில்லை. சொன்ன நேரத்துக்குக் கொடுப்போம், தாய்மாமன் பெயரை விட்டுவிட மாட்டோம், மூணாவது புரூஃபுக்கும் முகம் சுளிக்க மாட்டோம் என்பதற்காக வருகிறார்கள்.

அதோடு, நாம் இத்தனை வருஷம் எதை வைத்துப் பிழைத்தோம் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். யூனிகோடின் முதல் பதிப்பு வந்த 1991லேயே அதில் தமிழ் இருந்தது. விண்டோஸ் 2000த்தில் லதா எழுத்துருவோடு அது நம் மேசைக்கும் வந்துவிட்டது. ஆனால் நாம் வேலை செய்த பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தமிழ் தெரியாது. 2001இல் வந்த 7.0தான் அதன் கடைசிப் பெரிய பதிப்பு. ஆக, உலகம் யூனிகோடில் எழுதி அனுப்ப, நாம் பாமினி, வானவில், ஸ்ரீலிபி என்ற பழைய எழுத்துருக்களுக்கு மாற்றிக்கொண்டிருந்தோம், இன்னும் பலர் மாற்றிக்கொண்டிருக்கிறோம். அந்த மாற்றிகள் எங்கிருந்து வந்தன? சுரதா யாழ்வாணனின் பொங்குதமிழ், நியூ ஹொரைசன் மீடியாவின் என்.எச்.எம். கன்வர்ட்டர், தட்டச்சுக்கு அதே நிறுவனத்தின் ரைட்டர், தமிழா குழுவின் இ-கலப்பை. இதில் எதற்கு நாம் பத்து ரூபாய் கொடுத்தோம்? பழைய தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாக வைக்கும் மதுரைத் திட்டத்தை 1998 பொங்கலன்று தொடங்கிய கல்யாணசுந்தரம் இருந்தது சுவிட்சர்லாந்தில். உலகத்தின் பல மூலைகளில் இருந்தவர்கள் ஓய்வு நேரத்தில் பழைய இலக்கியங்களைத் தட்டி ஏற்றினார்கள். பத்திரிகையின் தலைப்பில் ஒரு திருக்குறள் போட வேண்டுமென்றால் நாம் அங்கேயிருந்து நகலெடுத்து ஒட்டுகிறோம், புத்தகத்தைத் தேடுவதுகூட இல்லை. இப்படி வாங்கியே பழகிய நாம் திருப்பிக் கொடுத்தது குறைவு. குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை, என்னையும் சேர்த்துத்தான்.

நம்மிடம் கொடுக்க என்ன இருக்கிறது என்று கேட்பவருக்கு ஒன்று சொல்கிறேன். பாமினி எழுத்துரு இல்லாத கணினியில் பாமினிக் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். என், எஃப், எச் என்று மூன்று எழுத்து வரிசையாக நின்றால் அது ‘கொ’. முதலில் கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால், கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே அடிப்பது. நம்மில் சிலர் அந்தக் குப்பையைப் பார்த்தே ‘கொழும்பு’ என்று வாசித்துவிடுவார்கள். இப்படிப்பட்ட ஆட்கள் இன்னும் எத்தனை வருஷம் இந்த மேசைகளில் உட்கார்ந்திருப்பார்கள்? ஸ்தல புராணங்களும் நினைவு மலர்களும் நிறைந்த பழைய சி.டி.க்கள் எல்லா அச்சகத்திலும் கிடக்கின்றன. எந்தக் கோப்பு எந்த எழுத்துருவில் என்று வாசனை பிடிக்கத் தெரிந்தவர் போய்விட்டால் அவை வெறும் குப்பைதான்.

உபதேசம் மட்டும் செய்துவிட்டுப் போகக் கூடாது இல்லையா, எனக்குத் தெரிந்ததில் கொஞ்சம் இங்கேயே இறக்கி வைக்கிறேன். அடோபியின் பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் யூனிகோடு தமிழை ஒட்டினால் கொம்பு தள்ளி நிற்கிறதா? எழுத்துருவைக் குறை சொல்லாதீர்கள். பாராகிராஃப் பேனலின் மூலையில் உள்ள மெனுவைத் திறந்து ‘அடோபி வேர்ல்டு ரெடி பாராகிராஃப் கம்போசர்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள், கொம்பு தன் இடத்துக்குப் போய்விடும். இந்திய மொழிகளுக்கான இந்த வசதி 2012இல் சி.எஸ்.6 பதிப்போடு வந்தது. எந்தக் கோப்பையும் திறக்காமல் இதைத் தேர்ந்தெடுத்து வைத்தால் இனிமேல் தொடங்கும் கோப்புக்கெல்லாம் அதுவே இருக்கும். பழைய கோப்பில் பாராகிராஃப் ஸ்டைலுக்குள் போய், ஜஸ்டிஃபிகேஷன் பகுதியில் மாற்ற வேண்டும். ஒவ்வொரு பத்தியாக மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒருவரை எனக்குத் தெரியும், இருநூறு பக்கப் புத்தகம். அந்த ஒருவர் யார் என்று கேட்காதீர்கள்.

இன்னொன்று. ‘அவர்’ என்று தேடினால் கிடைக்கவில்லை, ஆனால் கண்ணெதிரே ‘அவா்’ இருக்கிறது. உற்றுப் பாருங்கள், அது ‘ர’ இல்லை, துணைக்கால் மேல் புள்ளி. பழைய தட்டச்சுப் பொறியிலும் பழைய எழுத்துருக்களிலும் ர் போடக் காலையும் புள்ளியையும் சேர்த்துப் பழகிய கை, யூனிகோடிலும் அதையே செய்கிறது. ‘மாரி’யும் இப்படித்தான் ‘மாாி’ ஆகிறாள். அச்சில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆனால் பெயர்ப் பட்டியலை அகர வரிசைப்படுத்தும்போதும், தேடும்போதும், இணையத்தில் ஏற்றும்போதும் எல்லாம் கவிழும். தமிழில் காலுக்கு மேல் புள்ளியோ, காலுக்குப் பின் இகரக் கொக்கியோ வரவே வராது என்பதால், இதை மட்டும் தைரியமாக மொத்தமாக மாற்றிவிடலாம். மாற்றும் பெட்டியில் கால் தனியாக ஒரு புள்ளி வட்டத்தோடு நிற்கும், பயப்பட வேண்டாம்.

‘இதை மட்டும்’ என்று அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ‘கௌரி’, ‘பௌர்ணமி’ இரண்டையும் பலர் ஒற்றைக்கொம்பும் ‘ள’வும் போட்டு அடிப்பார்கள், ‘கெளரி’, ‘பெளர்ணமி’ என்று. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், தேடினால் கிடைக்காது. கால் விஷயத்தில் கிடைத்த தைரியத்தில், ஒரு சமையல் புத்தகத்தில் கொம்பும் ளவும் சேர்ந்து வந்த இடத்தையெல்லாம் ஔகாரமாக மாற்று என்று ஒரே தட்டாகத் தட்டிவிட்டேன். கௌரி சரியானாள். கூடவே வெள்ளைப் பூண்டு ‘வௌ்ளைப் பூண்டு’ ஆனது, தெளிந்த ரசம் ‘தௌிந்த ரசம்’ ஆனது, கெளுத்தி மீன் குழம்பை வாய்விட்டுப் படிக்கவே முடியவில்லை. அந்த எழுத்துருவில் அச்சுக்குப் பார்க்கும்போது பெரிதாக உறுத்தவில்லை, இரண்டு பாரம் (ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் பக்கங்கள்) ஓடிவிட்டது. காகிதச் செலவு என் கையிலிருந்து. இணையத்தில் ‘வௌியீடு’ என்று எங்காவது பார்த்தால் எனக்கு இப்போதும் வயிற்றைப் பிசையும். ஐயோ, இவரும் ஒரே தட்டாகத் தட்டிவிட்டாரே.

இந்தக் கதையை இதற்கு முன்னால் நான் யாரிடமும் சொன்னதில்லை. வெட்கம். ஆனால் யோசித்தால், நான் கண்டுபிடித்த செட்டிங்குகளைவிட இந்தத் தப்புத்தான் இன்னொருவருக்குக் காசை மிச்சப்படுத்தும். எனவே எழுதும்போது ஜெயித்த கதையை மட்டும் எழுதாதீர்கள். முயன்று பார்த்து உருப்படாமல் போனதையும் எழுதுங்கள்.

எப்படி எழுதுவது என்று பயப்படவும் வேண்டாம். கட்டுரை தேவையில்லை. எந்த சாஃப்ட்வேர், எந்தப் பதிப்பு, எந்த எழுத்துரு, என்ன நடந்தது, என்ன செய்தீர்கள், சரியானதா. பதிப்பு எண்ணை மட்டும் மறக்காதீர்கள். மெனு ஒவ்வொரு பதிப்பிலும் இடம் மாறும், ‘டூல்ஸில் போய் ஆப்ஷன்’ என்று மட்டும் எழுதினால் மூன்று வருஷம் கழித்துப் படிப்பவர் உங்களைத் திட்டுவார். உடைந்த எழுத்தைப் படமாக மட்டும் போடாமல் எழுத்தாகவும் ஒட்டுங்கள், அப்போதுதான் தேடலில் சிக்கும். பேச்சுத்தமிழில் எழுதினாலும் பரவாயில்லை. சந்திப்பிழை பார்க்க வந்தவர்களை வரவேற்று ஒரு டீ கொடுத்து அனுப்பிவிடலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பு. படம் எடுத்துப் போடும்போது வாடிக்கையாளர் பெயர், போன் நம்பர், முகவரி தெரியக் கூடாது. கல்யாணப் பத்திரிகையில் ஒரு குடும்பத்தின் ஜாதகமே இருக்கிறது. சோதனைக்கு வேண்டுமானால் ‘அஆஇஈ’ என்று அடித்துக் காட்டுங்கள். அப்புறம், காசு கொடுத்து வாங்க வேண்டிய எழுத்துருவைக் கோப்பாகவே குழுவில் போடுவதை நான் அறிவுப் பகிர்வில் சேர்க்க மாட்டேன். இதற்கு என்னோடு சண்டைக்கு வருபவர்கள் வரலாம்.

கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. “தமிழ் வரல, ஹெல்ப்” என்றால் தெய்வத்தாலும் ஆகாது. என்ன அடித்தீர்கள், என்ன வந்தது என்று சொல்லுங்கள். விடை கிடைத்ததும் ‘நன்றி’யோடு ஓடிவிடாமல், எது வேலை செய்தது என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போங்கள். பதில் சொல்பவர்களே, “இதுகூடத் தெரியாமயா டி.டி.பி. பண்றீங்க” என்ற வாக்கியத்தை மறந்துவிடுங்கள். அதை ஒருமுறை கேட்டவர் அடுத்த முறை வாயே திறக்க மாட்டார்.

நமக்குள் பேசிக்கொள்வதோடு நிற்காமல் சாஃப்ட்வேர் செய்பவர்கள் காதிலும் போட வேண்டும். ஸ்கிரைபஸ் என்றொரு இலவசப் பக்க வடிவமைப்பு மென்பொருள் இருக்கிறது. அதன் 1.4 பதிப்பில் தமிழை ஒட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கொம்பும் காலும் திசைக்கொன்றாக நிற்கும். பிறகு ஓமன் நாட்டைச் சேர்ந்த சில திறந்தமூல ஆர்வலர்கள், தங்கள் அரபி எழுத்து அதில் சேர்ந்து வரவில்லையே என்று இறங்கி வேலை செய்தார்கள். அந்த வேலையின் பலன் அரபியோடு நிற்கவில்லை, தமிழுக்கும் வந்தது. 2024 ஜனவரியில் வந்த 1.6 பதிப்பில் நம் கொம்பு நம் இடத்தில் நிற்கிறது. அவர்களுக்கு நாம் யாரென்றே தெரியாது. அவர்களுடைய எரிச்சலை அவர்கள் எழுதிச் சொன்னார்கள், அப்புறம் கையையும் கொடுத்தார்கள். லிப்ரெ ஆபீஸ், இங்க்ஸ்கேப் போன்றவற்றிலும் குறையை எழுதிச் சொல்ல யாருக்கும் வழி இருக்கிறது. நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. ‘ரிக்‌ஷா’ என்று பிரித்துக் காட்ட நினைத்தால் ‘ரிக்ஷா’ என்று கூட்டெழுத்தாக ஒட்டிக்கொள்கிறது, நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு இணைப்புத்தடையைப் போட வேண்டியிருக்கிறது, அதைப் போட்டுப் பழைய ஃபாண்டுக்கு மாற்றினால் அது கட்டமாக வருகிறது. இதைப் போன்ற ஒன்றைக் கவனித்துச் சொல்ல, நாள் முழுக்கத் தமிழைத் தட்டிக்கொண்டிருக்கும் நம்மைவிட்டால் ஆள் கிடையாது.

ஸ்ரீ சொன்ன அண்ணனைப் பார்க்கப் போன ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். “உங்களுக்குத் தெரிஞ்சத எழுதுங்கண்ணே” என்றேன். “எனக்கு எழுதல்லாம் வராதுப்பா, டைப் அடிக்கத்தான் தெரியும்” என்றார். நாற்பது வருஷமாக ஊரில் உள்ள எல்லாருடைய எழுத்தையும் அடித்துக் கொடுத்தவர். சரி, நீங்கள் சொல்லுங்கள் நான் அடிக்கிறேன் என்று அவர் மிஷினிலேயே உட்கார்ந்தேன். என்.எச்.எம். ரைட்டரில் தமிழ்99 விசைப்பலகை முறைக்கு மாற்றிக்கொண்டேன். “கட்டம் வந்தா பதறாத. மொதல்ல அது எந்த எழுத்துன்னு பாரு” என்று தொடங்கினார். மூன்றாவது வரி அடிப்பதற்குள் பொறுமை போய்விட்டது அவருக்கு. “தள்ளு தள்ளு, நீ அடிச்சு எப்ப முடிக்கிறது” என்று நாற்காலியை இழுத்துப் போட்டு, விசைப்பலகையைப் பழைய டைப்ரைட்டர் முறைக்கு மாற்றினார். நான் டீ வாங்கப் போய்விட்டு வந்தபோது ஒன்றரைப் பக்கம் ஓடியிருந்தது. ர் வரும் இடமெல்லாம் காலும் புள்ளியும்தான் போட்டிருந்தார். அதை நான் அப்புறம் மாற்றிக்கொண்டேன்.

இப்படிக்கு,
மதுரையிலிருந்து உங்களில் ஒருவன்